ஆறு தந்திகளுக்குள் அடங்காத கணக்கு: கிற்றாரின் சுருதியும் அதில் செய்யப்படும் விட்டுக்கொடுப்புகளும்

மட்டக்களப்பில் தேவாலயப் பாடகர் குழுவிலோ பாடசாலை இசைக்குழுவிலோ கிற்றார் பழகும் பிள்ளைகள் பலர், கோட்டுகள் (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்யும் பிடிகள்) கைக்குப் படியத் தொடங்கியதும், ஒரே முறைப்பாட்டோடு ஆசிரியரிடம் வருகின்றனர். கைபேசியில் உள்ள, சுருதி காட்டும் டியூனரைப் பார்த்து, ஆறு தந்திகளையும் பச்சை நிறம் தெரியும்வரை ஒவ்வொன்றாக முறுக்கியாயிற்று. ஆனாலும் ஈ மேஜர் கோட்டை மீட்டும்போது மூன்றாம் தந்தி மற்றவற்றோடு ஒட்டாமல் உறுத்துகிறது. அந்தத் தந்தியைச் சற்றுத் தளர்த்தினால் ஈ மேஜர் இனிக்கிறது, ஆனால் அடுத்து வரும் ஈ மைனர் கெட்டுப்போகிறது. இந்த முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன: பிள்ளைக்குக் காது போதாது, அல்லது கிற்றார் மலிவானது. இரண்டுமே தவறான பதில்கள். அந்தப் பிள்ளையின் காது சரியாகவே கேட்டிருக்கிறது. டியூனர் காட்டும் பச்சை நிறம் தூய சுருதியைக் குறிப்பதன்று. எல்லாக் கோட்டுகளும் கொஞ்சம் கொஞ்சம் பிழையாக இருக்கட்டும் என்று ஐரோப்பிய இசை நெடுங்காலம் விவாதித்துச் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டையே அது குறிக்கிறது. அந்த உடன்பாடு எதை விட்டு எதைப் பெற்றது என்பதை அறிந்தவருக்குத்தான் எந்த இடத்தில் டியூனரைப் பின்பற்றுவது, எந்த இடத்தில் அதை மீறுவது என்பது தெரியும்.

ஒரு தந்தியை மீட்டும்போது அது ஒரே ஒரு மீடிறனில் (வினாடிக்கு அதிரும் எண்ணிக்கையில்) மட்டும் அதிர்வதில்லை. முழு நீளத்தில் அதிர்வதோடு, இரண்டு பாதிகளாகவும் மூன்று கூறுகளாகவும் நான்கு, ஐந்து கூறுகளாகவும் ஏககாலத்தில் அதிர்கிறது. ஆகவே 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாம் தந்திக்குள் 220, 330, 440, 550 என்னும் மேற்றொனிகளும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டு சுரங்கள் சேர்ந்து இனிமையாகக் கேட்பதற்கு முக்கியமான காரணம், அவற்றின் மேற்றொனிகளில் சில சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதுதான். மீடிறன்களின் விகிதம் 2:1 ஆனால் அது மேல் ஸ்தாயி. 3:2 ஆனால் ச–ப. 4:3 ஆனால் ச–ம. 5:4 ஆனால் ச–அந்தர காந்தாரம். மேற்றொனிகள் பொருந்தாமல் சிறிது விலகினால், அந்த விலகலின் அளவுக்கு ஒலி எழுந்தும் தாழ்ந்தும் துடிக்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இதை அடிப்பு என்ற பெயரில் அறிவர். வினாடிக்கு ஓர் அடிப்பு என்றால் காது அதை மெல்லிய அசைவாகவே எடுத்துக்கொள்ளும். எட்டு, பத்து என்று கூடும்போது அது கரகரப்பாகிவிடுகிறது.

சுருதி வேறுபாடுகளை அளக்கச் சென்ட் என்ற அலகு பயன்படுகிறது. ஒரு ஸ்தாயி 1200 சென்ட், கிற்றாரில் ஒரு மெட்டு (கழுத்தில் குறுக்கே பதித்த பிரெட்) 100 சென்ட். தூய 3:2 என்பது 701.96 சென்ட், தூய 5:4 என்பது 386.31 சென்ட். இந்த இரண்டு எண்களும் நூறின் மடங்காக வந்து நிற்கவில்லை என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. ச–ப உறவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு முறை அடுக்கினால் ஏழு ஸ்தாயிகள் ஏறி, தொடங்கிய சுரத்துக்கே திரும்ப வேண்டும். ஆனால் 3/2 ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது, 2 ஐ ஏழு முறை பெருக்கினால் 128 தான் வருகிறது. அதேபோல 5/4 ஐ மூன்று முறை அடுக்கினால் ஒரு ஸ்தாயி நிறைய வேண்டும். வருவதோ 125/64, அதாவது இரண்டுக்குச் சற்றுக் குறைவு. 2, 3, 5 ஆகிய பகா எண்களின் அடுக்குகள் ஒருபோதும் ஒன்றுக்கொன்று சமமாகமாட்டா என்பதால், இதைச் செய்நேர்த்தியால் தீர்க்க முடியாது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் ஏறத்தாழ 354 நாள்களில் முடிந்துவிட, சூரிய ஆண்டு 365 நாள் ஓடுவதைப் போன்றது இது. இஸ்லாமிய நாட்காட்டி அந்தப் பதினொரு நாள் வித்தியாசத்தை அப்படியே ஓடவிடுவதால் நோன்பு எல்லாப் பருவங்களிலும் வந்துபோகிறது. சாந்திரமானப் பஞ்சாங்கமோ ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்கிறது. வித்தியாசத்தை எங்கே வைப்பது என்பது மட்டுமே மனிதர் கையில் இருக்கிறது. அது இல்லாமற் போகும்படி செய்ய யாராலும் இயலாது.

கிற்றாரின் ஆறு தந்திகளில் இந்தக் கணக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. தடித்த ஆறாம் தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்கிறோம். இவற்றில் ஈ–ஏ, ஏ–டி, டி–ஜி, பி–ஈ ஆகிய நான்கு இடைவெளிகள் ச–ம உறவு. ஜி–பி மட்டும் ச–அந்தர காந்தார உறவு. ஆறாம் தந்திக்கும் முதலாம் தந்திக்கும் இடையே இரண்டு ஸ்தாயிகள், அதாவது நான்கு மடங்கு. இப்போது நான்கு 4:3 களையும் தூயனவாக வைத்தால் அவற்றின் பெருக்கம் 256/81. நான்கு மடங்கை நிறைவாக்க ஜி–பி இடைவெளிக்கு மிஞ்சுவது 81/64. அந்த இடத்தில் காது கேட்பது 5/4, அதாவது 80/64. அந்த 81 க்கும் 80 க்கும் உள்ள வித்தியாசம் 21.5 சென்ட். மேலைநாட்டார் இதைக் கொமா என்பர். கர்நாடக இசை இலக்கணத்தில் இதுவே பிரமாண சுருதி. மறுபுறமாக, ஜி–பி யையும் தூயதாக வைத்து நான்கு 4:3 களையும் தூயனவாக வைத்தால், முதலாம் தந்தி 329.63 ஹெர்ட்ஸில் நிற்கவேண்டியது 325.56 இல் நிற்கும். இரண்டு ஈ தந்திகளையும் சேர்த்து மீட்டினால் வினாடிக்கு நான்கு முறை துடிக்கும். ஒரு மெட்டையும் தொடவில்லை, ஒரு கோட்டையும் பிடிக்கவில்லை. திறந்த தந்திகளிலேயே கணக்கு உடைந்துவிடுகிறது.

கிற்றார் வாசிப்போரிடையே பரவியுள்ள ஒரு சுருதி சேர்க்கும் முறை இந்த உடைவை அறியாமலே மிக மோசமான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது என்பதால், அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டுக்கு நேர் மேலே விரலால் அழுத்தாமல் தொட்டு மீட்டினால் நான்கு மடங்கு மீடிறன் மணிபோல ஒலிக்கும். ஐந்தாம் தந்தியை ஏழாம் மெட்டுக்கு மேலே அவ்வாறே தொட்டு மீட்டினால் மூன்று மடங்கு ஒலிக்கும். இரண்டும் அடிப்பின்றி ஒன்றாகும்வரை முறுக்கினால் ஈ–ஏ தூய 4:3 ஆகிவிடும். இப்படியே ஏ–டி, டி–ஜி சேர்க்கப்படுகிறது. பி தந்திக்கு இந்த வழி பொருந்தாததால், ஆறாம் தந்தியின் ஏழாம் மெட்டு மணியொலியோடு அதை நேராகச் சேர்ப்பர்; பிறகு பி யிலிருந்து முதலாம் தந்தியை 5–7 முறையிலேயே சேர்ப்பர். ஒவ்வோர் அடியும் அப்பழுக்கில்லாமல் அடிப்பற்று ஒலிக்கும். ஆனால் மூன்று தூய 4:3 கள் ஏறியதில் ஜி தந்தி டியூனர் கேட்கும் 196.00 இற்குப் பதில் 195.34 ஹெர்ட்ஸில் தாழ்ந்து நிற்கும். பி தந்தியோ 246.94 இற்குப் பதில் 247.22 இல் உயர்ந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஜி யின் ஐந்தாம் மடங்கு 976.7, பி யின் நான்காம் மடங்கு 988.9, வினாடிக்குப் பன்னிரண்டு அடிப்புகள். ஐந்து முறை தூய்மையைத் தேடி, அந்த ஐந்து தூய்மைகளின் கடனையும் ஜி மேஜர் கோட்டின் நடுவில் கட்டவேண்டியதாகிவிட்டது. டியூனர் வைத்துச் சேர்த்த கிற்றாரில் இதே இடத்தில் எட்டுக்குச் சற்றுக் குறைவான அடிப்புகள்தான் வரும். அதுவும் தூயதன்று, ஆனால் பன்னிரண்டைவிடக் காதுக்கு இதமானது.

தமிழிசை மரபு இந்தக் கணக்கை மிகப் பழைய காலத்திலேயே, ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களாலேயே தொட்டிருக்கிறது. தாரத்தில் உழை பிறக்கும், உழையில் குரல் பிறக்கும், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை பிறக்கும் என்று சிலப்பதிகாரத்தின் பழைய உரை சொல்லும் சுரப்பிறப்பு, ஒவ்வோர் அடியும் ச–ப உறவில் ஏறும் சங்கிலிதான். குரலிலிருந்து நான்கு அடிகள் ஏறிக் கைக்கிளையைப் பெற்று அதைக் குரலின் ஸ்தாயிக்குள் இறக்கினால் வருவது, கிற்றாரின் ஜி–பி இடையே நாம் கண்ட அதே 81/64. மறுபக்கத்தில், நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டும்போது யாரும் வாசிக்காமலே தானாக எழும் அந்தர காந்தாரம் அதன் ஐந்தாம் மடங்கு மேற்றொனி. அது தூய 5/4. ஆக, ஏறிச் சென்று பெறும் காந்தாரம் ஒன்று, தானாகப் பிறக்கும் காந்தாரம் இன்னொன்று. பன்னிரண்டு சுரத் தானங்களோடு நில்லாமல் இருபத்திரண்டு அலகுகளை நம் இலக்கணம் வகுத்ததற்கு இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டமையே காரணம் என்று நான் கருதுகிறேன். இன்று அம்பாறை மாவட்டத்தில் உள்ள காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தமையால், யாழின் நரம்புகளை இலக்கியச் சான்றாக மட்டும் பாராமல் எண் விகிதங்களாகவும் கணித்தார். 1947 இல் அரங்கேறிய அவருடைய யாழ் நூல் பழந்தமிழ்க் கருவியொன்றைப் பற்றியது என்று மட்டும் எண்ணி அதை ஒதுக்கிவைப்பது இழப்பு. அவர் எதிர்கொண்ட கணக்கும், இன்று கல்லடியில் கிற்றார் வாசிக்கும் பிள்ளை எதிர்கொள்ளும் கணக்கும் ஒன்றே.

மேலைநாட்டில் நடந்தது வேறு. அங்கே பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்யும் கோட் முறை வளர்ந்ததால், 5:4 தூயதாக இருக்க வேண்டும் என்பது ஒரு கட்டத்தில் கட்டாயமாயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் விசைப்பலகைக் கருவிகளில் ஒவ்வொரு ச–ப இடைவெளியையும் சிறிது குறுக்கி, அந்தக் காந்தாரங்களைத் தூயனவாக்கினர். விளைவாக எட்டு மேஜர் கோட்டுகள் தேனாக ஒலித்தன. மிச்சம் முழுவதும் ஒரே ஓர் இடைவெளியில் தேங்கி, ஓநாயின் ஊளை என்று பெயர் பெறும் அளவுக்கு அது கெட்டுப்போயிற்று. அந்தப் பக்கமே போகாமல் பாடல் எழுதும்வரை பிரச்சினை இல்லை. எல்லாச் சுரங்களிலிருந்தும் பாட்டுத் தொடங்கவேண்டும் என்ற தேவை வந்தபோது, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கும் முறை மெல்ல மெல்ல வென்றது. இரண்டின் பன்னிரண்டாம் மூலமாகிய 1.05946 ஐ ஒவ்வொரு படியிலும் பெருக்குவதே அந்த முறை. இதை மிக நுண்ணிய தசமங்கள்வரை கணித்தவர் சீனத்து மிங் அரச குலத்தைச் சேர்ந்த சூ சாய்-யூ. 1584 இல் அவர் அதை எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஒல்லாந்தில் சைமன் ஸ்டெவினும் அதே மூலத்தைத் தனியாகக் கணித்தார்.

ஆனால் மெட்டுள்ள தந்திக் கருவிகள் விசைப்பலகைகளுக்கு முன்னரே சமபங்கீட்டை நோக்கிப் போய்விட்டன. இது கணித விருப்பத்தால் நிகழ்ந்ததன்று. ஒரு மெட்டு ஆறு தந்திகளுக்கும் குறுக்கே ஒரே நேர்கோட்டில் கிடக்கிறது. முதல் மெட்டில் ஆறாம் தந்தி எப் சுரத்தைத் தருகிறது, மூன்றாம் தந்தி ஜி ஷாப்பைத் தருகிறது. காந்தாரம் தூயதாக ஒலிக்கும் அந்தப் பழைய முறையில் ஈ யிலிருந்து எப் 117 சென்ட் தொலைவில் இருக்கவேண்டும். ஜி யிலிருந்து ஜி ஷாப் 76 சென்ட் தொலைவில் இருக்கவேண்டும். ஒரே மெட்டு எப்படி 117 லும் 76 லும் நிற்கும்? இரண்டுக்கும் நடுவே நூறில் வைப்பதே ஒரே வழி. கலிலியோவின் தந்தையும் லூட் என்னும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியக் கலைஞருமான வின்சென்சோ கலிலி 1581 இல் எழுதிய நூலில், தந்தியின் மிஞ்சிய நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கில் அடுத்த மெட்டைக் கட்டும் முறையைத் தந்தார். கணக்குப் பார்த்தால் அவருடைய ஒரு படி 98.95 சென்ட், 650 மில்லிமீற்றர் தந்தியில் பன்னிரண்டாம் மெட்டு நடுவில் அமையாமல் 2.4 மில்லிமீற்றர் தலைப்பக்கமாக விலகி நிற்கும். நடைமுறையில் அது பெரிய குறையாகவில்லை. தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி சற்று உயர்வதால், குறைந்த அளவு ஓரளவு ஈடுசெய்யப்பட்டது. இன்று கிற்றார் செய்வோர் 18 இற்குப் பதில் 17.817 ஆல் வகுத்து, அழுத்தத்தால் வரும் உயர்வைத் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்தில் தனியே சரிசெய்கின்றனர்.

லூட்டின் மெட்டுகள் நரம்பால் கட்டப்பட்டவை. வாசிப்பவர் அவற்றை நகர்த்திக்கொள்ளலாம். நமது வீணையில் இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுகின்றன. தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு வைப்பார், மெழுகு தளர்ந்தால் மெட்டுகளை மீண்டும் பதித்து மேளம் கட்டுவார். அதற்குமேல், வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொடுக்கும்போது சுரம் எங்கே நிற்கவேண்டும் என்பதை இறுதியில் விரல்தான் முடிவு செய்கிறது. கிற்றாரின் பிரெட் என்னும் உலோக மெட்டுகளோ மரத்தில் வெட்டிய காடிக்குள் அடித்து இறுக்கப்பட்டவை. தொழிற்சாலையில் எடுக்கப்பட்ட முடிவு அந்தக் கருவியின் ஆயுள்வரை நிலைக்கிறது.

அந்த முடிவின் விலை என்ன? சமபங்கீட்டில் ச–ப வெறும் 2 சென்ட் மட்டும் குறைகிறது. திறந்த ஐந்தாம் தந்தியையும் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டையும் சேர்த்து மீட்டினால், ஏறத்தாழ மூன்று வினாடிக்கு ஓர் அடிப்பு. பெரும்பாலோருக்கு அது கேட்பதே இல்லை. ஆனால் மேஜர் கோட்டின் காந்தாரம் 13.7 சென்ட் உயர்ந்து நிற்கிறது, மைனர் கோட்டின் காந்தாரம் 15.6 சென்ட் தாழ்ந்து நிற்கிறது. இப்போது தொடக்கத்தில் சொன்ன மூன்றாம் தந்திக்கு வருவோம். ஈ மைனரில் அது திறந்தபடி ஜி ஆக ஒலிக்கிறது. தூயதாக வேண்டுமானால் 15.6 சென்ட் ஏறவேண்டும். ஈ மேஜரில் அதே தந்தி முதல் மெட்டில் ஜி ஷாப் ஆகிறது. தூயதாக வேண்டுமானால் 13.7 சென்ட் இறங்கவேண்டும். ஒரே தந்தி, ஒரே முறுக்காணி. ஒரு கோட் மேலே இழுக்கிறது, மற்றது கீழே இழுக்கிறது, இடையே 29 சென்ட். முறுக்காணியை எங்கே நிறுத்தினாலும் இரண்டில் ஒன்று கெடும். அதனால்தான் தன் காதை நம்பி ஈ மேஜருக்காகத் தந்தியைத் தளர்த்திய பிள்ளை அடுத்த கோட்டில் மாட்டிக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கு இந்த 29 சென்ட் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் போதும். தன் காதின்மீது அதற்கு வந்த சந்தேகம் அன்றோடு தீரும்.

மின்கிற்றாரில் ஒலியைச் சிதைத்துக் கனமாக்கும்போது வாசிப்போர் காந்தாரத்தை விட்டுவிட்டு ச–ப மட்டும் கொண்ட கோட்டுகளை விரும்புவதற்கும் இதுவே பெரிய காரணம். சிதைப்புக் கருவி சுரங்களின் கூட்டு மீடிறன்களையும் வித்தியாச மீடிறன்களையும் புதிதாகப் பிறப்பிக்கிறது. 2 சென்ட் பிழை அதில் தாங்கும். 14 சென்ட் பிழை சேறாகக் கலங்கிவிடும்.

இதுவரை சொன்னது தாளில் வரும் கணக்கு. கிற்றார் மரத்தாலும் உருக்காலும் ஆனது என்பதால், கையில் வரும் கணக்கு இன்னும் சிக்கலானது. மெட்டில் தந்தியை அழுத்தும்போது அதன் இழுவை கூடுகிறது, சுருதி உயர்கிறது. தந்தி மெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு உயர்வும் கூடும். தடித்த தந்தி வளைய மறுப்பதால் அதன் மேற்றொனிகளும் முழு மடங்குகளிலிருந்து சற்று உயர்கின்றன. இவற்றை ஈடுசெய்யவே பாலத்தில் உள்ள எலும்புத் துண்டு நேராக அமையாமல் சாய்வாகப் பதிக்கப்படுகிறது. தடித்த தந்திகளுக்கு ஓரிரு மில்லிமீற்றர் நீளம் கூடுதலாகக் கிடைக்கிறது. நைலோன் தந்திக் கிற்றாரில் சுற்றுக் கம்பியில்லாத மூன்று தந்திகளுள் மூன்றாம் தந்தியே மிகத் தடித்தது என்பதால், ஏற்கெனவே இரண்டு பக்கமும் இழுபடும் அந்தத் தந்திக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது.

எங்கள் கரையோரத்துக் காலநிலை இதில் தன் பங்கைச் செலுத்துகிறது. கச்சான் வீசும் மாதங்களின் வெக்கையில் மரம் உலர்ந்து மேற்பலகை தாழ்கிறது, தந்திகள் மெட்டுகளை உரசத் தொடங்குகின்றன. மாரி தொடங்கி மழை விடாமல் பெய்யும் நாள்களில் மரம் ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை புடைக்கிறது, தந்திகள் உயர்கின்றன, அழுத்தும்போது சுருதி கூடுதலாக ஏறுகிறது. திறந்த தந்திகள் ஆறும் டியூனரில் சரியாக இருந்தும், மேல் மெட்டுகளில் எல்லாமே உயர்ந்து கேட்கும் கிற்றாரைக் கார்த்திகை, மார்கழியில் இங்கே அடிக்கடி காணலாம். கடற்காற்றில் உள்ள உப்பு உருக்குத் தந்தியின் சுற்றுக் கம்பியை அரித்து, அதன் நிறையை ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும் விடுகிறது. அப்படிப்பட்ட தந்தியின் மேற்றொனிகள் முழு மடங்குகளாகவே இரா. அதைக் கொண்டு எந்த முறையிலும் சுருதி சேர்க்க இயலாது. கல்லடி, நாவற்குடா, களுவாஞ்சிகுடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் தந்தியை மாற்றாமல் டியூனரை மாற்றிப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இக்கணக்கை உணர்ந்து உடன்பாட்டைச் சற்று மீறியவர்களும் உண்டு. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர் தாம் சேர்க்கும் சுருதியை வெளிப்படையாக விளக்கியிருக்கிறார்: ஆறாம் தந்தியை டியூனர் காட்டுவதைவிட 12 சென்ட் தாழ்வாகவும், அடுத்தடுத்தவற்றை 10, 8, 4, 6, 3 சென்ட் தாழ்வாகவும் வைக்கிறார். தந்திகளைக் கழுத்தில் ஒருசேர அழுத்தும் கப்போ என்னும் கவ்வியை மாட்டும்போதும் தடித்த தந்திகளை வேகமாக மீட்டும்போதும் சுருதி ஏறுகிறது என்பதைக் கருதி முன்கூட்டியே இறக்கிவைக்கும் ஏற்பாடு அது. இதில் பி தந்தி ஜி யைவிட 2 சென்ட் கூடுதலாக இறங்கியிருப்பதைக் கவனிக்கவேண்டும். ஜி–பி இடையே உள்ள காந்தாரத்தைத் தூய்மையை நோக்கி ஓர் அடி நகர்த்துகிறது அது. சுவீடனில் ஒவ்வொரு தந்திக்கும் ஏற்றபடி நெளிந்து செல்லும் மெட்டுகளைச் செய்கின்றனர். அவை பொருத்தப்பட்ட கிற்றார் வியக்கத்தக்க தெளிவோடு ஒலிக்கும் என்றாலும், ஆறு தந்திகளையும் வழமைக்கு மாறாக வேறு சுருதிகளில் சேர்ப்பவருக்கு அந்த நெளிவுகள் அதே அளவுக்குப் பொருந்தமாட்டா. கணக்கின் மிச்சம் அங்கேயும் இருக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

எனவே யாரோடு சேர்ந்து வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தே எந்த விட்டுக்கொடுப்பை ஏற்பது என்று முடிவு செய்யவேண்டும். தேவாலயத்தில் கீபோட்டோடு வாசிக்கும் கிற்றாருக்கு டியூனர் சொல்வதே சட்டம். கீபோட் சமபங்கீட்டில் நிற்கிறது, கிற்றார் மட்டும் தூய்மை தேடிப் போனால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். மட்டக்களப்புப் பறங்கியர் தம் கலியாண வீடுகளில் வாசித்து ஆடும் கபிரிஞ்ஞாவில் நிலைமை சற்று வேறு. அதில் கூடவே வாசிக்கப்படும் வயலினுக்கு மெட்டுகள் இல்லை. தேர்ந்த வயலின்காரர் கிற்றாரின் கோட்டுக்குள் தம் காந்தாரம் எங்கே இனிக்கிறது என்று விரலைச் சற்று நகர்த்திக் கண்டுகொள்வார். அங்கே கிற்றார் சமபங்கீட்டில் நின்று தரையைக் கொடுப்பதே நல்லது. தம்புராவோடு பாடுபவருக்குக் கிற்றார் துணை செய்யும்போதுதான் உண்மையான முரண்பாடு எழுகிறது. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்துக்குப் பக்கத்தில் 14 சென்ட் உயர்ந்த காந்தாரத்தைக் கிற்றார் ஒலித்தால், பாடுபவரின் குரல் இரண்டுக்கும் நடுவே அலைக்கழியும். நிலைத்த சுரங்களும் சமபங்கீடும் இராகத்துக்கு ஒவ்வாதவை என்ற வாதத்தின் வலுவால்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. தடை அளவுக்குப் போகவேண்டியதில்லை என்றே நான் எண்ணுகிறேன். இராகத்தோடு வாசிக்கும் கிற்றார்க்காரர் முழுக் கோட்டுகளைத் தவிர்த்து ச–ப, ச–ம ஆகியவற்றை மட்டும் மீட்டி, காந்தாரத்தைப் பாடுபவருக்கே விட்டுவிட்டால் பெரும்பகுதி முரண் தீர்ந்துவிடும்.

டியூனர் இல்லாதபோது சுருதி சேர்ப்பதற்கு 5–7 மணியொலி முறையைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. ஐந்தாம் தந்தியாகிய ஏ யை மட்டும் சுருதிக் கருவியிலோ கீபோட்டிலோ சரியாகச் சேர்த்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் அதனோடு நேராகச் சேர்ப்பதே அது. ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தித் திறந்த ஏ யோடு சேர்க்கலாம். ஏ தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே தொட்டு மீட்டினால் வரும் மணியொலியோடு, நான்காம் தந்தியின் ஏழாம் மெட்டையும் மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டையும் சேர்க்கலாம். ஐந்தாம் மெட்டுக்கு மேலே தொட்டால் வரும் மணியொலியோடு, இரண்டாம் தந்தியின் பத்தாம் மெட்டையும் முதலாம் தந்தியின் ஐந்தாம் மெட்டையும் சேர்க்கலாம். எல்லாமே ஏ சுரமாக ஒலிப்பதால் அடிப்பை முற்றாக நீக்கியே சேர்க்கலாம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பிழை கைமாறிச் சேர்வதில்லை. மெட்டில் அழுத்தியே சேர்ப்பதால் அழுத்தத்தால் வரும் உயர்வும் ஓரளவு கணக்கில் வந்துவிடுகிறது. பாடம் தொடங்கும்போதே டியூனரைக் கையில் கொடுக்காமல், இரண்டு தந்திகளை ஒரே சுருதியில் சேர்த்து அடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நிற்பதைப் பிள்ளைகளைக் கேட்கச் செய்வதே முதற்பாடமாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின், வாசிக்கப்போகும் பாட்டின் கோட்டுகளைப் பார்த்து மூன்றாம் தந்தியைத் தனியே கவனிக்கலாம். ஈ மேஜர் மேலோங்கும் பாட்டுக்கு அதை 4 அல்லது 5 சென்ட் தளர்த்தலாம். அதில் அந்தத் தந்தி தரும் ஜி ஷாப் அந்த இறக்கத்தைத் தாங்கும். ஈ மைனரில் நிற்கும் பாட்டுக்கு அதைத் தொடாமல் விடவேண்டும். ஜி மேஜரும் சி மேஜரும் மாறி மாறி வரும் பாட்டுக்கு மூன்றாம் தந்தியை அப்படியே விட்டு, இரண்டாம் தந்தியாகிய பி யை 2 அல்லது 3 சென்ட் மட்டும் இறக்கிப் பார்க்கலாம். சி மேஜரில் அதே தந்தி முதல் மெட்டில் மூல சுரமாகிய சி யைத் தருவதால், அதற்குமேல் இறக்கினால் அந்தக் கோட் தளர்ந்துவிடும்.